வச்சிருக்கேன், எடுத்துக்க

அவள் யார் கையிலும் எதையும் கொடுக்க மாட்டாள். வைப்பாள். உப்பு கேட்டுப் போனால் ஒரு கிண்ணத்தில் அள்ளி வந்து வாசற்படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பாள். "வச்சிருக்கேன், எடுத்துக்க" என்பாள். தீப்பெட்டி, வெற்றிலை, இரவல் வாங்கின குடை, எதுவானாலும் இதுதான். நாம் குனிந்து எடுக்கும் வரை இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நிற்பாள். எடுத்த பிறகுதான் அந்த முகத்தில் சிரிப்பு வரும்.

இதை ஏதோ நல்ல குணம் மாதிரி எழுதி அழகு பார்க்க எனக்கு விருப்பமில்லை. இந்தப் பழக்கத்தை அவளுக்கு நாங்கள்தான் கொடுத்தோம். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நடுவட்டத்துக்குக் கீழே ஒரு எஸ்டேட். சரிவில் கட்டிய லைன், ஒரே கூரையின் கீழ் எட்டு வீடு. வீடுகளுக்கு முன்னால் ஒரே ஒரு சாக்கடை. மேல்வீட்டுக்காரர்கள் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எல்லார் வாசலையும் தாண்டி, கடைசி வீட்டுக்கு முன்னால் போய்த்தான் காட்டில் விழும். அந்தக் கடைசி வீடு அவளுடையது. அதற்கு முந்தினது எங்களுடையது.

சிலோன் அக்கா என்றால் அவள்தான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கப்பலில் வந்து, கடைசியில் இந்தக் குளிரில் இறங்கினவள். நாங்கள் லைன் என்போம், அவள் லயம் என்பாள். டீயைத் தேத்தண்ணி என்பாள். காலையில் ஆள் எடுக்கிற இடத்துக்குப் போவதைப் பெரட்டுக்குப் போகிறேன் என்பாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். போகும்போது குடும்ப அட்டையையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு ரேஷன் அரிசி கிடையாது. இது பின்னால் வேண்டும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவள் கையைச் சொல்ல வேண்டும். உள்ளங்கையில் தோல் வறண்டு பாளம் பாளமாக வெடித்திருக்கும். விரல் மடங்குகிற இடமெல்லாம் சிவப்புக் கோடு. மழைக்காலத்தில் விரல் இடுக்குகளில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, உடைந்து, நீர் கசியும். அரிப்பு வந்தால் கையைச் சுவரில் தேய்ப்பாள். பழைய புடவையை நீளமாகக் கிழித்து விரலுக்கு விரல் சுற்றியிருப்பாள். துவைத்த கிழிசல்களை லைனுக்குப் பின்னால் ஒரு தேயிலைச் செடிமேல் காயப்போடுவாள். அந்தச் செடியை எங்கள் லைனில் யாரும் தொட மாட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துப் பச்சைக் கம்பளம் என்று எழுதுகிறார்களே, அவர்கள் ஒரு ஆடி மாசம் வந்து அந்தக் கையோடு ஈரக் கொழுந்து கிள்ளிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகு எழுதட்டும்.

கையைப் பற்றி யாராவது கேட்டால் அவள் விரல்களை ஆட்கள் மாதிரி கணக்குச் சொல்வாள். ஒருநாள் இலை நிறுக்கிற இடத்தில் மேஸ்திரி எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார்.

"என்னுங்க இது, விரலுக்கு விரல் துணி? பொம்மைக் கல்யாணமா பண்றீங்க? பாதி எடைதானுங்க இருக்குது!"

"ரெண்டு பேரு மெடிக்கல் லீவுங்க மேஸ்திரி. மிச்ச எட்டுப் பேரும்தான் வேலைக்கு வந்திருக்காங்க. எட்டாளு இலையத்தானே எட்டாளு எடுக்கும்?"

எல்லாரும் சிரித்தோம். மேஸ்திரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எடையில் ஒன்றும் குறைத்துப் போடவில்லை. அன்றிலிருந்து காலையில் பார்த்தால் நான், "அக்கா, இன்னைக்கு எத்தன பேருங்க?" என்று கேட்பேன். "ஏழு பேரு தங்கச்சி." "ஆறு பேரு. கட்டைவிரலு சங்கத்துல சேந்துட்டாரு, ஸ்ட்ரைக்கு." நானும் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போவேன். ஒருநாளும் அந்தக் கையைத் தொட்டதில்லை.

நான் அந்த லைனுக்குக் கல்யாணமாகி வந்த மறுநாளே அவள் ஒரு தட்டோடு வந்தாள். தேங்காய் போட்டுப் பிசைந்து கல்லில் சுட்ட கனமான ரொட்டி, மேலே சிவப்பாகச் சம்பல், அவர்கள் ஊர்த் தேங்காய்த் துவையல். புதுப்பெண் என்று எனக்காகவே சுட்டது. "சாப்பிடு தங்கச்சி, சிலோன் ரொட்டி" என்று தட்டை நீட்டினாள். நானும் கையை நீட்டினேன். அப்போதுதான் தட்டைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன். நீட்டின கையை இழுத்துக்கொண்டேன்.

"அங்க வெச்சிருங்க. எடுத்துக்கறேன்" என்றேன்.

அவள் படியில் வைத்தாள். அவள் போனதும் என் மாமியார் அந்த ரொட்டியைப் பிய்த்துக் கோழிக்குப் போட்டார். எங்கள் கோழிக்கு மேய அவள் வாசல்தான் இடம். ஒரு பெரிய துண்டைக் கவ்விக்கொண்டு நேராக அங்கே போய்ப் போட்டுக் கொத்திற்று. அவள் கதவருகில் நின்று பார்த்தாள்.

"கோழிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு போல" என்றாள். அவ்வளவுதான். தட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் கழுவிக் கொண்டுபோய் அவள் படியில் வைத்தேன். ஆக, எங்கள் இருவரில் யாரும் சொல்லாமலே முதலில் வைத்தவள் நான்.

எனக்கு முன்னால் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்களோ தெரியாது. கடைக்காரன் சொல்லியிருப்பான், கோயில் பூசாரி சொல்லியிருப்பார். நான் பார்க்கும்போது அவள் திருநீறுகூடக் கையில் வாங்கமாட்டாள். தூணில் கொட்டியிருப்பதைத்தான் எடுத்துப் பூசிக்கொள்வாள்.

ஒருமுறை இருவரும் ஊட்டி பஸ்ஸில் போனோம். கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். அவள் சில்லறையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "எடுத்துக்கங்க" என்றாள். அவர் முகம் கறுத்துவிட்டது.

"ஏம்மா, கையில கொடுத்தா என்ன? என் கை பட்டா தீட்டாயிருமா உனக்கு? எந்தக் காலத்துல இருக்கே? இறக்கி விட்ருவேன்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து, அப்படியில்லை, அவங்களுக்குக் கை சரியில்லை என்று சொல்லப் போனேன். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கண்டக்டர் முணுமுணுத்துக்கொண்டே சில்லறையைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்ததும் என் காதில் சொன்னாள்: "விடு தங்கச்சி. என் ஆயுசுல இன்னைக்குத்தான் ஒருத்தர் என்னைய பெரிய சாதின்னு நினைச்சிருக்காரு. அத ஏன் கெடுக்கிறே?"

பைக்காரா தாண்டும் வரை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. வேப்பிலை அரைத்துப் போடு என்றார்கள், போட்டாள். மஞ்சளைக் குழைத்துப் பூசு என்றார்கள், பூசினாள். எஸ்டேட் டிஸ்பென்சரியில் எப்போது போனாலும் ஊதா மருந்து. கையெல்லாம் ஊதாவாகத் திரிவாள், அப்போதும் வெடிக்கும். கத்தரிக்காய் ஆகாது என்றார் ஒருவர், விட்டாள். கருவாடு ஆகாது என்றார் இன்னொருவர், விட்டாள். முட்டை, தக்காளி, எல்லாம் ஒவ்வொன்றாக விட்டாள். கை ரொம்ப மோசமான நாட்களில் பத்தியம் இருப்பாள். பத்தியம் என்றால் குழம்பு இல்லை, காய் இல்லை. வெறும் கோதுமை ரொட்டியும் பால் இல்லாத தேத்தண்ணியும்.

"ரொட்டி ஒண்ணும் பண்ணாது தங்கச்சி. பிறந்த பிள்ளைக்குப் பல்லு முளைக்கிறதுக்கு முந்தியே எங்க தோட்டத்துல ரொட்டியத் தேத்தண்ணியில நனைச்சுக் கொடுப்பாங்க. அது மருந்து மாதிரி."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் மூன்று மாசம் முழுகாமல் இருந்தபோது அவளுக்கு வலதுகை பழுத்து, சுண்டைக்காய் மாதிரி கொப்புளமெல்லாம் சீழ் வைத்துவிட்டது. காய்ச்சல் வேறு. டிஸ்பென்சரியில் மறுபடி ஊதா மருந்தை எடுத்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இதை நீங்களே பூசிக்கங்க" என்று சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு ஊட்டிக்குப் பஸ் ஏறினேன். அன்றைக்கு அங்கே பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டர் வருகிற நாள் என்று யாரோ சொன்னார்கள். சின்ன வயசு டாக்டரம்மா.

அக்கா பழக்கப்படி கையை மேசைமேல் வைத்தாள். வைத்துவிட்டுத் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், என்னவோ கையைக் கழற்றி வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்கிற மாதிரி. டாக்டரம்மா அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இப்படியும் அப்படியும் திருப்பினார். விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். அக்கா அழ ஆரம்பித்தாள்.

"ரொம்ப வலிக்குதாம்மா?"

"இல்லீங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்தேன்.

"இது ஒட்டுற வியாதி இல்லை" என்றார் டாக்டரம்மா, எங்கள் இருவரையும் பார்த்து. "எக்ஸிமான்னு பேரு. தொட்டா வராது, துணியால வராது, தட்டால வராது. ஈரம், சோப்பு, கொழுந்துப் பால், மருந்து அடிக்கிற செடி, இதெல்லாம் கிளப்பிவிடும். சிலருக்குச் சாப்பாடும் கிளப்பும். என்ன சாப்பிடுறீங்க?"

"ரொட்டிங்க."

"அது காலையில. மத்தியானம்?"

"காலையில சுட்டதுதானுங்க, கட்டிக்கிட்டுப் போவேன்."

"ராத்திரி?"

"ராத்திரி புதுசா சுடுவேனுங்க."

"சோறு?"

"பண்டிகைக்குப் பொங்குவேனுங்க. கை மோசமா இருந்தா அதுவும் இல்ல. ரொட்டிப் பத்தியம்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "முதல்ல அந்தப் பத்தியத்தை விடுங்க" என்றார். சீழுக்கு மாத்திரை, பூச மருந்து, வேலைக்குப் போனால் பருத்தி உறையும் அதன்மேல் ரப்பர் உறையும். கோதுமை, மைதா, ரவை, பன், பிஸ்கட் எதுவும் ஆறு வாரம் வாயில் படக்கூடாது. ஆறு வாரம் கழித்து வந்தால், தான் பார்க்கும்போது கொஞ்சம் சாப்பிட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்றார். எல்லாருக்கும் சாப்பாட்டால் வராது, இவருக்கும் அதுதானா என்று பார்த்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

திரும்பி வந்து நடுவட்டத்தில் இறங்கினதும் அக்கா சொன்னாள். "கப்பல்ல வரும்போது தலகாணி, பெட்டி எல்லாம் போச்சு. ரொட்டிக் கல்ல மட்டும் விடாம மடியில வச்சுக்கிட்டு வந்தேன். அதுதான் என்னைய இத்தனை வருஷமா அறுத்துக்கிட்டு இருந்திருக்கு. யாருகிட்ட சொல்றது தங்கச்சி?"

கல்லைக் கழுவிக் கவிழ்த்து மூலையில் வைத்தாள். கடையில் அரிசி வாங்கினாள். நான் என் பங்கு ரேஷன் அரிசியிலும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை, பசி ஆறவில்லை என்று புலம்பினாள். மூன்றாவது வாரம் அரிப்பு நின்றது. நாங்கள் காலையில் எண்ணினோம். எட்டுப் பேர். ஒன்பது பேர். ஆறு வாரம் கழித்து ஊட்டியில் ஒரு துண்டு ரொட்டி தின்றுபார்த்தாள். இரண்டு நாளில் விரல் இடுக்கெல்லாம் கொப்புளம். "அதுதான்" என்றார் டாக்டரம்மா. மறுபடி விட்டாள். அடுத்த மாசம் ஒரு காலை என் கதவைத் தட்டி, துணி சுற்றாத இரண்டு கையையும் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"பத்துப் பேரும் பெரட்டுக்கு வந்தாச்சு!"

எனக்குப் பெண் பிறந்தது. முப்பது நாள் கழித்து அக்கா வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "பிள்ளையப் பாக்கலாமா?" என்றாள். பிள்ளையைத் தூக்கலாமா என்று கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் மாமியார் உள்ளேயிருந்து, "குளிருது, பச்சக் கொழந்த, அப்பறம் பாத்துக்கலாம்" என்று குரல் கொடுத்தார். நான் கேட்கவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கத் தெரியவில்லை அவளுக்கு. கையை நீட்டுவதா, படியில் உட்காருவதா என்று தடுமாறினாள். பிறகு வாங்கினாள். குழந்தை அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் வேலை விட்டதும் வந்துவிடுவாள். குளிப்பாட்டி, துடைத்து, சுற்றி, என் கையில் கொடுப்பாள். நேராக, கையிலிருந்து கைக்கு. அத்தனை வருஷத்தில் அவள் என் கையில் கொடுத்தது என் மகளை மட்டும்தான்.

அது நாலு மாசம் நடந்தது.

தேயிலை விலை விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு அது மேஸ்திரி வாயால் வந்தது. "குன்னூர் ஏலத்துல நம்ம தூளை ஒருத்தனும் சீந்தலீங்க" என்றார். வாரத்தில் ஆறு நாள் வேலை நாலு நாள் ஆனது. பிறகு இரண்டு நாள். பிறகு ஒருநாள் காலையில் ஃபாக்டரி சங்கு ஊதவில்லை. மேனேஜர் ஊருக்குப் போயிருக்கிறார், வருவார் என்றார்கள். வரவில்லை. கொழுந்து எடுக்காத செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்தன. காட்டெருமை பகலிலேயே லைனுக்குப் பின்னால் வந்து நின்றது. விலை ஏறினபோது எங்களுக்கு என்ன கொடுத்தார்கள்? விழுந்தபோது மட்டும் எங்கள்மேல் விழுந்தது.

ஏதோ ஒரு சங்கத்துக்காரர்கள் மாசம் ஒருமுறை லாரியில் நிவாரணம் கொண்டுவந்தார்கள். குறை சொல்லக்கூடாது, அவர்களாவது வந்தார்கள். ஆனால் கொண்டுவந்தது கோதுமை மாவு. வீட்டுக்கு ஒரு மூட்டை. அக்கா தன் மூட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் சொன்னேன், "அக்கா, மாவ எனக்குக் குடுங்க. படிக்குப் படி அரிசி தாறேன்." எங்களிடம் குடும்ப அட்டை இருந்தது, ரேஷன் அரிசி வந்தது. நாங்கள் மாவு தின்றால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளிக்கிழமை தோறும் அவள் ஒரு படி மாவை எங்கள் படியில் வைப்பாள், நான் ஒரு படி அரிசியை அவள் கையில் கொடுப்பேன். அதை வாங்கும்போது, "நீ இருக்கிற வரைக்கும் என் ஆளுங்க பத்துப் பேருக்கும் வேலை இருக்கு தங்கச்சி" என்பாள்.

என் வீட்டுக்காரர் வேலை தேடிக் கூடலூர்ப் பக்கம் போயிருந்தார். அவருடைய தம்பி குடும்பம் வேறு எஸ்டேட்டிலிருந்து மூட்டை முடிச்சோடு எங்களிடம் வந்துவிட்டது. அட்டைக்கு வருகிற அரிசி அதேதான், வாய் நாலு கூடிவிட்டது. நான் மாவுதான் அதிகம் தின்றேன். எனக்குப் பால் குறைந்தது. குழந்தை உறிஞ்சிவிட்டு அழும். மாமியார் சொன்னார், "ரொட்டியத் தின்னா பால் எப்புடிச் சுரக்கும்? வத்தித்தான் போகும். சோறு தின்னோணும். நம்ம ஊட்டு அரிசிய அடுத்த ஊட்டுக்கு அளந்துட்டு, உம் புள்ளைய அழுக வெக்கறயா?"

அது உண்மையா பொய்யா எனக்கு இன்றுவரை தெரியாது. அரைவயிற்றுக்கு எதைத் தின்றாலும் பால் வற்றும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குக் குழந்தை அழுதது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா மாவோடு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன்.

"அக்கா, இந்த மாசம் ரேஷன்ல அரிசி போடலீங்க."

"ஒருத்தருக்கும் போடலியா?"

"ஒருத்தருக்கும் போடலீங்க."

"சரி தங்கச்சி" என்று மாவை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மறுநாள் காலையில் நான் வழக்கம்போல அரிசி களைந்தேன். கழுநீரை வழக்கம்போல வாசல் சாக்கடையில் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் பார்த்தேன். வெள்ளையாக, நுரையோடு, அது சரிவில் ஓடி அவள் வாசலைத் தாண்டிப் போயிற்று. அவள் படியில் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் வந்ததிலிருந்து போய்ச் சேரும் வரை பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போனாள்.

அப்போதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு படி வேண்டாம், அரைப்படி கொடுத்திருக்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன்: அடுத்த நாளிலிருந்து கழுநீரைப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றினேன்.

அவள் உடனே மாவைத் தொடவில்லை. கேத்திப் பக்கம் கேரட் கழுவ ஆள் எடுக்கிறார்கள் என்று காலையில் ஜீப் வரும், அதில் ஏறிப்போனாள். கூலியில் அரிசி வாங்கலாம் என்று கணக்கு. காலையிலிருந்து மாலை வரை பனித்தண்ணீரில் கையை விட்டுக் கேரட்டைத் தேய்க்கிற வேலை. உறை போட்டால் கை வழுக்குகிறது, வேகம் இல்லை என்று கழற்றச் சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் விரல் முழுக்க வெடிப்பு. பதினோராவது நாள் ஜீப்காரன், "அந்தக் கையோட வேணாங்க. திங்கற பண்டம்" என்று ஏற்றாமல் போய்விட்டான்.

பிறகு மாவு.

ஒரு சாயங்காலம் வாசலில் நின்று சொன்னாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் என்மேல் இல்லை. "தண்ணியில விட்டா வெடிக்குது. மாவத் தின்னா வெடிக்குது. இனி கையிரண்டையும் மேல தூக்கிக்கிட்டுக் காத்தத் தின்னுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்." என் இடுப்பிலிருந்த குழந்தை அவளைப் பார்த்ததும் தாவிற்று. அவள் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். "இன்னைக்கு ஆறு பேரு லீவும்மா" என்று குழந்தையிடம் சொன்னாள். அடுத்த வாரம் குழந்தைக்குக் கவுன் தைத்திருந்தாள். எங்கள் படியில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

"வச்சிருக்கேன், எடுத்துக்க."

எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்று நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மகன் கடிதம் போட்டான், திருப்பூருக்கே வந்துவிடச் சொல்லி. பேரன் பிறந்திருந்தான், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். "போறேன். ஆனா மருமக கையப் பாத்துட்டு என்ன சொல்வாளோ" என்றாள். ஒட்டாது என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மருமகளுக்குப் படிக்கத் தெரியும், காட்டினால் நம்புவாள் என்றாள். அவள் போனபிறகு ஒரு தகவலும் இல்லை. அந்த லைனும் காலியாகிவிட்டது. நானும் இப்போது கோயமுத்தூரில் இருக்கிறேன். திருப்பூர் ஒருமணி நேரம்தான். நான் போய்த் தேடவில்லை. எந்த முகத்தோடு போவது?

அவள் கிளம்பின காலையில் நான் குழந்தையோடு ரோட்டுக்குப் போய் நின்றேன். நல்ல பனி. பஸ் நிற்கிற இடத்தில் இடுப்பளவு ஒரு குட்டைச் சுவர். அவளிடம் ஒரு தகரப் பெட்டி, ஒரு பை. பையிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள். ரொட்டிக் கல்.

"இனி எனக்கு எதுக்கு? நீ வச்சுக்க. நல்ல கல்லு, ஒட்டாது" என்றாள்.

நான் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினேன். குழந்தையும் அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிற்று. அவள் நின்றாள். துணி சுற்றின பத்து விரலும் கல்லைப் பிடித்திருந்தன.

"கையில குடுங்கக்கா. ஒட்டாதுங்க" என்றேன்.

"தெரியும் தங்கச்சி. டாக்டரம்மா சொன்னப்ப நானும்தானே இருந்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நீட்டின கையை நான் இழுக்கவில்லை. அவள் கல்லைச் சுவர்மேல் வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

பஸ் வந்தது. பெட்டியைத் தானே தூக்கி ஏற்றினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், கையை ஆட்டவில்லை. பஸ் வளைவில் திரும்பும் வரை கல் சுவர்மேல்தான் இருந்தது. பிறகு எடுத்துக்கொண்டேன்.